ஆற்றுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பவர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும், மூன்று சகோதரிகள் எனப்படும் மூன்று எரிமலைச் சிகரங்களால் ஊருக்கு அந்தப் பெயர். சிகரங்களின் பனி உருகி வைச்சூஸ் என்னும் ஓடையாக இறங்கி, ஊரைக் கடந்து, டெஷூட்ஸ் ஆற்றில் போய்ச் சேர்கிறது. 1990-களின் இறுதி வரை பல கோடைகளில் அந்த ஓடை ஊருக்குள் வரும்போது வெறும் கூழாங்கல் தடமாகக் கிடந்தது. மலையில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஊருக்கு மேலேயே மதகுகளைத் திறந்து வாய்க்கால்களில் திருப்பிவிட்டார்கள். யாரும் திருடவில்லை, எடுத்த ஒவ்வொரு கன அடிக்கும் சட்டப்படி உரிமை இருந்தது. உரிமை இல்லாதது ஓடைக்குத்தான்.

இன்று அதே இடத்தில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. வாய்க்கால்காரர்களை விரட்டிவிட்டுக் கொண்டுவந்த தண்ணீர் அல்ல இது. உரிமை வைத்திருந்தவர்களோடு உட்கார்ந்து, விலை பேசி, குத்தகை பேசி, சில இடங்களில் குழாய் பதித்துக் கொடுத்து வாங்கியது. ஆற்றுக்காகத் தண்ணீரை விலைக்கு வாங்குவது என்று முதலில் கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும். அது எப்படி நடக்கிறது என்று புரிய வேண்டுமானால், அந்தப் பகுதியில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைமடை அல்ல, தேதி

நம் ஊர்ப் பாசனத் தகராறுகளில் பாதியைத் தலைமடை, கடைமடை என்ற இரண்டே சொற்களில் சொல்லிவிடலாம். தலைமடைக்காரர் எடுத்தது போக மீதிதான் கடைமடைக்கு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இடத்துக்கு அந்த மதிப்பு இல்லை. அங்கே தேதிதான் எல்லாம். ஆற்றிலிருந்து யார் முதலில் தண்ணீர் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினாரோ அவருக்கே முதல் உரிமை. 1880-ல் தொடங்கியவர் ஆற்றின் கடைக்கோடியில் இருந்தாலும், தட்டுப்பாட்டுக் காலத்தில் தலைமடையில் இருக்கும் 1910-காரருடைய மதகை மூடவைக்க முடியும்.

இந்த விதி விவசாயிகள் உண்டாக்கியது அல்ல. 1849-க்குப் பின் கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்கள், முதலில் முளை அடித்தவனுக்கே இடம் என்று வைத்திருந்த வழக்கம் அது. மண்ணை அலசத் தண்ணீர் வேண்டியிருந்ததால் தண்ணீருக்கும் அதே வழக்கம் ஒட்டிக்கொண்டது. 1855-லேயே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சுரங்கத்து வழக்கம் மெல்ல வயலுக்கு வந்து, வறண்ட மேற்கு மாநிலங்களின் நீர்ச் சட்டமாகவே ஆகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், எண்கள் கற்பனை. ஓர் ஓடையில் மூன்று பேருக்கு உரிமை. 1880 தேதிக்காரருக்கு வினாடிக்கு 10 கன அடி, 1895 தேதிக்காரருக்கு 15, 1910 தேதிக்காரருக்கு 12. மூவருக்கும் சேர்த்து 37. மே மாதத்தில் பனி உருகி ஓடையில் 60 கன அடி வரும்போது எல்லோரும் நல்லவர்கள். ஆகஸ்டில் ஓடை 20 கன அடியாகச் சுருங்கும். 1880-காரர் தன் 10-ஐ முழுதாக எடுப்பார். 1895-காரருக்கு மீதியுள்ள 10. 1910-காரர் மதகை மூடிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஓடையின் கதியைக் கேட்க வேண்டாம். வரிசையில் அதன் பெயரே இல்லை.

இங்கே புதிதாகப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழும். 1880-காரர் மனமிரங்கி, இந்த ஆண்டு எனக்குத் தண்ணீர் வேண்டாம், மீன் பிழைக்கட்டும் என்று மதகை மூடிக்கொண்டால் போதாதா? போதாது. அவர் விட்ட 10 கன அடியில் 5-ஐ 1895-காரர் எடுத்துத் தன் கணக்கை நிறைவு செய்துகொள்வார். மீதி 5 வரிசையில் அடுத்தவரான 1910-காரருக்குப் போகும். ஓடைக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. அதோடு போனால் பரவாயில்லை. ஓரிகனில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் உரிமையே பறிபோகும். தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ, எடுத்துக்கொண்டே இரு என்று சட்டமே சொல்வது போல் ஆகிவிட்டது. அங்குள்ள விவசாயிகளைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு விதியை மறந்துவிட்டுத்தான் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வீணாகும் தண்ணீர்

சட்டத்தின் பார்வையில் தண்ணீர் 'பயனுள்ள காரியத்துக்கு' எடுக்கப்பட வேண்டும். பாசனம், சுரங்கம், மாட்டுக்குத் தண்ணீர், ஊருக்குக் குடிநீர் எல்லாம் பயனுள்ளவை. ஆற்றிலேயே ஓடிக்கொண்டிருப்பது வெகுகாலம் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அந்நியமான சிந்தனை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் நம் செய்தித்தாள்கள் எழுதுவது இதே கருத்தைத்தான். 2007-ல் தீர்ப்பளித்த காவிரி நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. ஒதுக்கியது, கூடவே 4 டி.எம்.சி.யைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகும் நீர் என்று கணக்கில் வைத்தது. தப்பிப் போகிறதாம். கடலுக்குப் போவதை ஓர் ஆறு செய்யும் வேலையாக யாரும் எண்ணவில்லை.

ஓரிகன் 1987-ல் இந்த இடத்தில் சட்டத்தைத் திருத்தியது. மீன், வனவிலங்கு, மாசைக் கரைப்பது, படகு விடுவது ஆகியவற்றுக்காக ஆற்றில் தண்ணீர் ஓடுவதும் பயனுள்ள காரியமே என்று ஏற்றுக்கொண்டது. அப்படி ஓடும் நீருக்கு ஒரு நீருரிமை உண்டு; அதை மக்கள் சார்பாக மாநில நீர்வளத் துறை வைத்திருக்கும். ஆறு ஒருவழியாக வரிசைக்குள் வந்தது. ஆனால் புதிதாக எழுதிய உரிமைக்குப் புதிய தேதிதான் கிடைக்கும். நூறு ஆண்டுக்காரர்களுக்குப் பின்னால், 1990 என்ற தேதியோடு நிற்பவருக்கு ஆகஸ்டில் என்ன கிடைக்கும்? ரேஷன் கடையில் சரக்கு தீர்ந்த பிறகு கார்டோடு போய் நிற்பது போலத்தான்.

அந்தச் சட்டத்தின் உண்மையான பலம் வேறொரு பிரிவில் இருந்தது. பழைய உரிமையை விலைக்கு வாங்கலாம், குத்தகைக்கு எடுக்கலாம், தானமாகப் பெறலாம். பெற்று ஆற்றில் ஓடும் உரிமையாக மாற்றலாம். மாற்றினாலும் பழைய தேதி அப்படியே நிற்கும். நம் கணக்கில் 1880-காரரின் உரிமையை யாராவது ஓடைக்காக வாங்கிவிட்டால், ஓடை கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்துவிடும். அந்த 10 கன அடியை மேலே இருக்கும் 1910-காரரும் தொட முடியாது, 1895-காரரும் தொட முடியாது. ஆற்றுக்குத் தண்ணீர் வாங்குவது என்று சொல்கிறோமே, வாங்குவது உண்மையில் வரிசையில் ஓர் இடத்தை.

புல்லுக்குப் பதில் புல்

இந்த வேலைக்கென்றே 1993-ல் ஓரிகன் வாட்டர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை தொடங்கியது. அதன் முதல் பேரங்களில் ஒன்று டெஷூட்ஸின் கிளையான பக் ஹாலோ ஓடையில், மாடு வளர்க்கும் ஒரு பண்ணையாரோடு நடந்தது. அந்த ஓடை ஸ்டீல்ஹெட் மீன் முட்டையிட வரும் இடம். பண்ணையார் ஓடை நீரைப் பாய்ச்சித் தன் மாடுகளுக்குத் தீவனப் புல் விளைவித்துக்கொண்டிருந்தார். அறக்கட்டளை ஒரு பருவத்துக்கு அந்தத் தண்ணீரைக் கேட்டது. பதிலுக்கு, அவர் நிலத்தில் விளையாமல் போன புல்லுக்கு ஈடாக வேறு புல் வாங்க ஏற்பாடு செய்தது. மாட்டுக்குத் தீவனம் கிடைத்தது, மீனுக்குத் தண்ணீர் கிடைத்தது. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதிரே இருப்பவருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டார்கள் என்பதால் எனக்கு இந்தப் பேரம் மிகவும் பிடிக்கும்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படிக் குத்தகையாகத்தான் தொடங்கும். ஓரிகனில் ஆற்றுக்கான குத்தகை ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். குத்தகைக்கு விட்ட காலமும் பயன்படுத்திய காலமாகவே கணக்காகும். ஆகவே முன்பு சொன்ன ஐந்தாண்டுக் கத்தி கழுத்தில் விழாது. வயதாகிவிட்டவர், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டவர், ஒரு வருடம் நிலத்தைத் தரிசாகப் போட நினைப்பவர் என்று பலருக்கு இது வசதி. சிலர் பருவத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். குதிரைமசால் என்னும் தீவனப் பயிரின் முதல் அறுவடை வரை தானே பாய்ச்சிக்கொண்டு, ஓடை வற்றும் கோடைக் கடைசியில் தண்ணீரை விட்டுவிடுவது. மீனுக்கு நெருக்கடியான மாதங்கள் அவைதான் என்பதால் இரு தரப்புக்கும் கணக்கு சரியாக வரும்.

ஓரிகனின் வடகிழக்கே லாஸ்டின் ஆற்றில் பேரம் வேறு மாதிரி. எந்த விவசாயி எவ்வளவு விட்டார் என்று அங்கே பார்ப்பதில்லை. கோடைக் கடைசியில் ஆற்றில் வினாடிக்கு 15 கன அடிக்குக் குறையாமல் ஓட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது பாசனக்காரர்கள் எல்லோருடைய பொறுப்பு, அதற்குப் பணம். சினூக் சால்மன் மீன்கள் முட்டையிட மேலேறும் நாட்களுக்காக 2005 முதல் இப்படி ஒப்பந்தம் போட்டு வந்திருக்கிறார்கள்.

வைச்சூஸில் பெரிய மாற்றம் குழாயால் வந்தது. மத்திய ஓரிகனின் தரை எரிமலைப் பாறை, சல்லடை போல. திறந்த வாய்க்காலில் 10 கன அடி விட்டால், பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டு வயலுக்கு 5 வந்தால் அதிர்ஷ்டம் என்ற நிலை. அங்குள்ள பாசன மாவட்டம், அதாவது விவசாயிகளே சேர்ந்து நடத்தும் அமைப்பு, தன் வாய்க்கால்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் கொண்டுவந்தது. செலவின் பெரும்பகுதி வெளியிலிருந்து, ஆற்றைக் காக்க நினைத்தவர்களிடமிருந்து வந்தது. பதிலுக்கு, மிச்சமான தண்ணீர் ஓடைக்கு. இதற்கும் 1987-லேயே சட்டம் இருந்தது: சிக்கனம் செய்து மிச்சப்படுத்திய நீரில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை ஆற்றுக்குக் கொடுத்தால், மீதியை மிச்சப்படுத்தியவர் வைத்துக்கொள்ளலாம், பொதுப் பணம் கூடுதலாகப் போட்டால் ஆற்றின் பங்கும் கூடும். சரிவில் இறங்கும் குழாயில் அழுத்தம் இருப்பதால் விவசாயிகள் பம்புசெட் ஓட்டும் மின்செலவும் குறைந்தது. அந்த அழுத்தத்தில் சின்ன நீர்மின் நிலையமே வைத்துவிட்டார்கள்.

வைச்சூஸின் கீழ்ப்பகுதிக்கு வைத்த குறி வினாடிக்கு 20 கன அடி. மேட்டூரில் திறக்கும் நீரை ஆயிரக்கணக்கான கன அடியில் படித்துப் பழகிய நமக்கு இது ஒரு கிளை வாய்க்காலின் அளவு. இந்தக் கிளை வாய்க்கால் அளவுக்குத்தான் இத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தை.

மதகில் ஒரு பூட்டு

காகிதத்தில் ஓடும் தண்ணீர் ஆற்றில் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. நம் கிராமங்களில் நீர்க்கட்டி, நீராணி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரில் ஒருவர் முறை வைத்துத் தண்ணீர் விடுவாரே, ஏறக்குறைய அந்த வேலைக்கு அங்கே மாநில அரசின் வாட்டர்மாஸ்டர் இருக்கிறார். அவரிடம் தேதி வாரியாகப் பெயர்ப் பதிவேடு இருக்கும். ஓடையில் அளவு நிலையம் ஒன்று நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வாய்க்கால் பிரியும் இடத்தில் இரும்புச் சட்டம், மேலே ஒரு சக்கரம்; சக்கரத்தைத் திருகினால் பலகை ஏறி இறங்கும். நீர் குறையக் குறைய அவர் பதிவேட்டின் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கி மதகுகளை மூடிக்கொண்டே வருவார். தேவைப்பட்டால் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார். ஆற்றுக்காக வாங்கிய பழைய உரிமைக்கும் அதே பூட்டுதான் காவல். அவரும் அளவு நிலையமும் இல்லாத ஓடையில் உரிமை வாங்குவது, பக்கத்து வயல்காரருக்குப் பணம் கட்டி நீர் பாய்ச்சிக் கொடுப்பதற்குச் சமம்.

சதுப்பு நிலத்தின் கணக்கு

ஆற்றைவிடச் சதுப்பு நிலத்தில் சிக்கல் அதிகம். நெவாடா மாநிலத்தில் கார்சன் ஆறு கடலுக்குப் போவதில்லை. பாலைவனத்தின் நடுவே ஸ்டில்வாட்டர் சதுப்பு நிலங்களில் பரவி முடிந்துவிடும். வலசை போகும் நீர்ப்பறவைகளுக்கு அது பெரிய தங்குமிடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் நியூலேண்ட்ஸ் பாசனத் திட்டம் வந்து கார்சனையும் பக்கத்து டிரக்கி ஆற்றின் ஒரு பகுதியையும் வயலுக்குத் திருப்பியது. சதுப்பு நிலத்துக்கு மிஞ்சியது பெரும்பாலும் வயல்களிலிருந்து வழியும் வடிநீர். உப்பும் ஆர்செனிக்கும் கரைந்த நீர்.

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: சராசரியாக 25,000 ஏக்கர் சதுப்பு நிலம் நிலைக்கும் அளவுக்கு, விற்க விரும்புகிறவர்களிடமிருந்து நீருரிமையை வாங்கலாம். அங்கே நீரை ஏக்கர் அடியில் அளப்பார்கள். ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் அது, சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அந்தத் திட்டத்து விவசாயிக்கு நிலத்தின் வகையைப் பொறுத்து ஏக்கருக்கு ஆண்டுக்கு மூன்றரை அல்லது நாலரை ஏக்கர் அடி உரிமை. ஆனால் சதுப்பு நிலத்துக்கு மாற்றும்போது 2.99 ஏக்கர் அடி மட்டுமே மாற்றப்பட்டது.

ஏன் குறைத்தார்கள்? வயலில் விட்ட தண்ணீர் முழுவதையும் பயிர் குடிப்பதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கியும் வடிகாலில் வழிந்தும் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். பயிர் உண்மையில் குடித்தது மட்டுமே விற்பவருக்குச் சொந்தமான கணக்கு. முழு நாலரையையும் எடுத்துப்போனால், வழிந்த நீரை நம்பியிருந்த மூன்றாமவர் வயிற்றில் அடிப்பதாகும். நீருரிமைப் பரிமாற்றத்தில் சண்டைகள் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றித்தான் வரும். ஸ்டில்வாட்டரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடிநீரை வாங்கிக்கொண்டிருந்ததே சதுப்பு நிலம்தான். வயல் காய்ந்தால் வடிநீரும் குறையும். ஒரு கையால் நல்ல தண்ணீரை வாங்கும்போது மறு கையில் இருந்த கெட்ட தண்ணீர் போய்விடும். இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் லாபம் சொல்ல வேண்டும்.

விருப்பம் யாருடையது?

பணம் எங்கிருந்து வருகிறது? டெஷூட்ஸ் போய்ச் சேரும் கொலம்பியா ஆற்றின் படுகையில் 2002 முதல் நடக்கும் நீருரிமைப் பரிமாற்றத் திட்டத்துக்குப் பெரும்பகுதிப் பணம் தருவது பான்வில் மின் நிறுவனம். படுகையின் மத்திய அரசு அணைகளில் எடுக்கும் மின்சாரத்தை விற்பது அதுவே. அணைகள் சால்மனுக்குச் செய்த கேட்டுக்கு ஈடு செய்யும் கடமை அதற்கு உண்டு. கடைசியில் வீட்டு மின்கட்டணம் கட்டுகிறவர்கள், மலையடிவாரத்தில் மதகை மூடும் விவசாயிக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

விற்பவர் மனமுவந்து விற்கிறார், வாங்குபவர் மனமுவந்து வாங்குகிறார், இதில் யாருக்கு என்ன குறை என்று கேட்கலாம். குறை மூன்றாமவருக்கு. கொலராடோவின் குரோலி மாவட்டத்தில் 1970-களிலும் 80-களிலும் விவசாயிகள் நீருரிமையை நகரங்களுக்கு விற்றார்கள். 50,000 ஏக்கர் அளவுக்குப் பாசனம் நடந்த இடத்தில் சில ஆயிரம் ஏக்கரே மிஞ்சியது. விற்றவர் பணத்தோடு போய்விடலாம். டிராக்டர் பழுது பார்ப்பவரும் உரக்கடைக்காரரும் விற்பதற்கு எதுவும் இல்லாமல் அங்கேயே இருப்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நிலத்தோடு தண்ணீரை வாங்கி 1913-ல் கால்வாயில் கொண்டுபோனதும், பத்திரத்தைப் பார்த்தால் விருப்பப்பட்டு விற்றதுதான். 1920-களில் ஓவன்ஸ் ஏரி வறண்டு போயிற்று. அதனால் ஆற்றுக்காக என்று சொல்லிக்கொண்டு வருகிறவரையும் மேற்கு மாநில விவசாயி முதலில் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் இதே வேலையை அரசே பெரிய அளவில் எடுத்துச் செய்தது. அங்கே தேதி வரிசை கிடையாது. ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அந்த ஆண்டின் நீரைப் பார்த்து, பங்கில் இத்தனை சதவீதம் என்று மாநிலம் அறிவிக்கும். நீர்ப் பங்கை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். 2007-ன் தண்ணீர்ச் சட்டம், ஆற்றின் சார்பாகப் பங்குகளை வைத்திருப்பதற்கென்றே மத்திய அரசில் ஒரு பதவியை உண்டாக்கியது. 2012-ல் வந்த முர்ரே–டார்லிங் படுகைத் திட்டம் 2,750 கிகாலிட்டரை ஆறுகளுக்கு மீட்க வேண்டும் என்றது. ஒரு கிகாலிட்டர் என்பது 100 கோடி லிட்டர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, திட்டத்தின் வழிகாட்டி ஆவணம் வெளியானபோது கிரிஃபித் நகரில் விவசாயிகள் அதைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். 2015-ல் நாடாளுமன்றம், நேரடிக் கொள்முதல் 1,500 கிகாலிட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. 2023-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டது. விலை பேசி முடித்தாலும் அரசியல் முடிவதில்லை.

நம் நாட்டில் ஆற்று நீருக்கு இப்படி விற்கத்தக்க தனியுரிமை கிடையாது. நிலத்தடி நீரில் மட்டும் 1882-ன் பழைய சட்டத்தின் நிழலில், கிணறு யார் நிலத்திலோ தண்ணீர் அவருக்கு என்ற வழக்கம் நிற்கிறது. டேங்கர் லாரிகள் நகரத்துக்கு ஓடுவது அந்த வழக்கத்தின் மேல்தான். சந்தை இருக்கிறது, ஆறோ ஏரியோ அதில் வாங்குபவராக நிற்க வழியில்லை.

வைச்சூஸுக்குத் திரும்பினால், 2007 மே மாதத்தில் அந்த ஓடையில் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை விட்டார்கள். கீழே டெஷூட்ஸில் கட்டிய அணைகளால் 1960-களிலிருந்து அவை அங்கே ஏறி வர முடியாமல் இருந்தது. குஞ்சு கடலுக்குப் போய் வளர்ந்து முட்டையிடத் திரும்ப வேண்டும். நடுவே அணைகள், சூடேறும் நீர், பெருங்கடல். திரும்பி வந்தவை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஓடையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் குத்தகையாக வாங்கிய பங்குக்கு, காலம் முடியும்போதெல்லாம் விவசாயியின் வீட்டுக் கதவை மறுபடி தட்டிப் புதுக் கையெழுத்து வாங்க வேண்டும்.